கொல்லிமலைச் சிறுதானிய வலையமைப்பு

கொல்லிமலைச் சிறுதானிய வலையமைப்பு என்பது தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி உழவர்களின் தன்னுதவிக் குழுக்கள், உழவர் மன்றங்கள், சமூக விதை வங்கிகள், சிற்றூர் அரைவை நிலையங்கள் ஆகியவற்றுக்கும், அவற்றுக்குத் துணைநிற்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் இடையே 1990களின் நடுப்பகுதியிலிருந்து உருவாகி வளர்ந்த தொடர்பைக் குறிக்கும். சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்களின் உள்ளூர் வகைகள் வழக்கொழிந்து போகாமல் காப்பதும், அவற்றைப் பயிரிடுவோருக்கு வருவாய் கிடைக்கச் செய்வதும் இதன் இரு நோக்கங்கள் ஆகும். மலைச் சமூகங்களின் வளர்ச்சிக்கான வட்டார வலையமைப்புகள் எவ்வாறு உருவாகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை அறிய இது ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

மலையும் மக்களும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஆகும். இதன் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. சங்க இலக்கியம் இம்மலையை வல்வில் ஓரியின் நாடாகக் குறிப்பிடுகின்றது. 1997 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, அவ்வாண்டு நாமக்கல் மாவட்டம் செயற்படத் தொடங்கியபோது அதன் பகுதியானது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என இங்குள்ள ஊராட்சிகள் இன்றும் 'நாடு' என்ற பழைய பிரிவின் பெயராலேயே வழங்குகின்றன.

மலையில் வாழ்வோருள் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். 'மலையாளி' என்பது இங்கே மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் வழங்குகின்றது. கேரள மக்களை இது குறிப்பதில்லை. இவர்களது தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்னும் மரபுக்கதை சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகிய இடங்களில் சிற்சில வேறுபாடுகளுடன் சொல்லப்படுகின்றது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினரில் எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவினர் மலையாளிகளே. அவர்களின் தொகை 3.5 இலட்சத்துக்கும் மேலாகும்.

சமவெளியுடனான தொடர்பு

மலையைத் தனித்த ஒரு தீவாகக் கருதுவது பொருந்தாது. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரையும் ஆட்டையாம்பட்டி வட்டாரத்தையும் கடந்து, நாமக்கல் மாவட்டத்தின் வழியாகக் காவிரியில் கலக்கின்றது. கொல்லிமலையில் தோன்றும் ஐயாறும் கரைபோட்டான் ஆறும் காவிரியையே சேர்கின்றன. மலையில் பெய்யும் மழையும் அங்கே அரிக்கப்படும் மண்ணும் சமவெளியின் ஏரிகளையும் கிணறுகளையும் பாதிக்கின்றன.

மற்றொரு தொடர்பு மரவள்ளிக் கிழங்கினால் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்துகொண்டிருந்த சவ்வரிசி தடைப்பட்டது. அதற்கு மாற்றாக மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் 1940களில் சேலத்தில் தொடங்கியது. சேலம், ஆட்டையாம்பட்டி, மல்லூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் முதலிய வட்டாரங்களில் சேகோ ஆலைகள் பெருகின. ஆலை உரிமையாளர்களின் கூட்டுறவு அமைப்பான 'சேகோசர்வ்' 1981ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. சேலம் சவ்வரிசிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கைமுறுக்குக்குப் பெயர் பெற்ற ஆட்டையாம்பட்டியில் இருந்து பார்த்தால் கொல்லிமலை கிழக்கே ஒரு தொலைவு மலை. ஆயினும் சமவெளி ஆலைகளின் கிழங்குத் தேவை, அம்மலைச் சரிவுகளில் எதைப் பயிரிடுவது என்பதையே மாற்றியது.

சிறுதானியங்களின் சரிவு

கொல்லிமலையில் பள்ளத்தாக்கு நிலங்களில் நெல்லும், சரிவுகளில் சிறுதானியங்களும், வீட்டை ஒட்டிய நிலங்களில் பலா, வாழை, காய்கறிகள் ஆகியவையும் விளைவிக்கப்பட்டு வந்தன. சிறுதானியங்கள் ஒவ்வொன்றிலும் பல உள்ளூர் வகைகள் உண்டு. அவற்றுட் சில பின்வருமாறு:

சாமை: மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை
தினை: செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை
கேழ்வரகு: சட்டைக்கேவுரு, கருங்குளியன், சுருட்டைக்கேவுரு

இவ்வகைகள் மண், மழை, விளையும் காலம், சமைக்கும் முறை ஆகியவற்றுக்கேற்பத் தெரிவு செய்யப்பட்டவை. மழை பிந்தினால் எதை விதைப்பது, மெலிந்த மண்ணில் எது நிற்கும் என்ற அறிவு விதையுடன் சேர்ந்தே கைமாறி வந்தது. ஒரு வகையை எவரும் பயிரிடாமல் விட்டால், சில ஆண்டுகளில் விதை முளைப்புத்திறனை இழக்கும். அதனைப் பற்றிய அறிவும் அடுத்த தலைமுறைக்குச் செல்லாது.

1970களுக்குப் பின் சிறுதானியப் பரப்பு பெருமளவு சுருங்கியது. இதற்கு ஒன்றுடன் ஒன்று பிணைந்த மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, மரவள்ளி. சாலை வசதி வந்த பின் கிழங்கைச் சமவெளிக்குக் கொண்டுசெல்வது எளிதாயிற்று. வணிகர்கள் முன்பணமும் கொடுத்தனர். திருமணம், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்குப் பணம் தேவைப்பட்ட குடும்பத்துக்கு மரவள்ளி தந்த மொத்தத் தொகையைச் சாமை தர இயலவில்லை.

இரண்டாவது, அரிசி. நியாயவிலைக் கடைகளின் மூலம் மலிவு விலையிலும் பின்னர் விலையின்றியும் அரிசி கிடைத்தமையால், உணவுக்காகச் சிறுதானியம் விளைவிக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது.

மூன்றாவது, உழைப்பு. கேழ்வரகை அப்படியே மாவாக்கலாம். ஆனால் சாமை, தினை, வரகு, பனிவரகு ஆகியவற்றின் மணியைக் கடினமான உமி மூடியுள்ளது. அதனை நீக்க உரலில் இட்டு உலக்கையால் நெடுநேரம் குத்திப் புடைக்க வேண்டும். இவ்வேலை முழுவதும் பெண்கள் மேல் விழுந்தது. வயல் வேலை, விறகு, தண்ணீர் ஆகியவற்றுக்குப் பின் இந்தச் சுமையும் சேர்ந்தபோது, அரிசி எளிய வழியாக இருந்தது. சிறுதானியத்தின் சரிவை உண்பவரின் சுவை மாற்றமாக மட்டும் காண்போர் இக்காரணத்தைப் பெரும்பாலும் தவறவிடுகின்றனர்.

இம்மாற்றத்தின் விளைவுகள் நிலத்திலும் உணவிலும் காணப்பட்டன. மரவள்ளியை அறுவடை செய்யும்போது செடி வேருடன் பிடுங்கப்படுகின்றது. சரிவு நிலத்தில் இது மண்ணைத் தளர்த்தி மழையில் அரித்துச் செல்ல வழி செய்கின்றது. உணவைப் பொறுத்தவரை, 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகக் குறைவு. மரவள்ளிக் கிழங்கு பெரும்பாலும் மாச்சத்தையே கொண்டது.

வலையமைப்பின் தோற்றம்

எம். எஸ். சுவாமிநாதன் 1988ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களின் நடுப்பகுதியில் கொல்லிமலையில் பணிகளைத் தொடங்கியது. தொடக்கத்தில் உள்ளூர் வகைகளைக் கணக்கெடுப்பதும் விதைகளைச் சேகரிப்பதும் முதன்மையாக இருந்தன. விதையைச் சேமித்து வைப்பதால் மட்டும் பயிர் நிலத்துக்குத் திரும்பாது என்பது பின்னர் தெளிவாயிற்று. எனவே பாதுகாப்பு, சாகுபடி, நுகர்வு, வணிகம் என்னும் நான்கையும் ஒருசேர அணுகும் முறை வகுக்கப்பட்டது. இந்நான்கில் ஒன்று விடுபட்டாலும் மற்றவை நிலைப்பதில்லை என்பது இவ்வணுகுமுறையின் அடிப்படைக் கருத்து ஆகும்.

2001ஆம் ஆண்டு முதல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் ஆதரவுடன், புறக்கணிக்கப்பட்ட பயிர்களைப் பற்றிய பன்னாட்டு ஆய்வுத் திட்டம் ஒன்றின் களங்களுள் ஒன்றாகவும் கொல்லிமலை விளங்கியது. இதன்வழி, ஆண்டீசு மலைத்தொடரில் கினோவா முதலிய தானியங்களைப் பயிரிடும் உழவர்களிடையே நிகழ்ந்த முயற்சிகளும் கொல்லிமலை முயற்சியும் ஒரே திட்டத்தின் கீழ் ஒப்புநோக்கப்பட்டன.

கூறுகளும் செயற்பாடும்

விதை வங்கி

கொல்லிமலையில் தானியத்தைச் சேமிக்க மூங்கிலால் பின்னி மண் பூசிய 'தொம்பை' என்னும் குதிர் மரபாகப் பயன்பட்டு வந்தது. சமூக விதை வங்கிகள் இந்த மரபை ஒட்டி அமைக்கப்பட்டன. உழவர் ஒருவர் விதைப்புக் காலத்தில் வங்கியிலிருந்து விதை பெற்று, அறுவடைக்குப் பின் பெற்றதைவிடக் கூடுதலான அளவைத் திருப்பித் தருவார். இவ்வாறு ஒவ்வொரு பருவத்திலும் விதை புதுப்பிக்கப்படுவதோடு இருப்பும் பெருகும். குளிரூட்டப்பட்ட மையக் கிடங்கில் விதை மாறாமல் உறங்குகின்றது. சமூக விதை வங்கியிலோ அது ஆண்டுதோறும் நிலத்துக்குச் சென்று மாறும் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் தகவமைகின்றது. ஒருவரது விளைச்சல் பொய்த்தால் அவரது விதையை மற்றொருவர் காத்து வைத்திருப்பார் என்பதும் இதன் நன்மையாகும்.

அரைவை நிலையம்

உமி நீக்கும் சிறிய எந்திரங்கள் சிற்றூர்களில் நிறுவப்பட்டுத் தன்னுதவிக் குழுக்களின் பொறுப்பில் விடப்பட்டன. சிறுதானிய மணிகள் மிகச் சிறியவை. அளவிலும் வகைக்கு வகை வேறுபடுபவை. ஆகையால் நெல்லுக்கான எந்திரத்தை அப்படியே பயன்படுத்தினால் மணி நொறுங்கும் அல்லது உமி நீங்காது. கல், மண் ஆகியவற்றை முன்கூட்டியே பிரித்தல், உமி நீக்கல், சலித்தல் ஆகிய படிகள் தனித்தனியே தேவைப்படுகின்றன. எந்திரம் வந்தபின், முன்பு பெண்கள் மணிக்கணக்கில் செய்த வேலை நிமிடங்களில் முடிந்தது. வலையமைப்பின் பிற கூறுகள் அனைத்தும் இந்த ஒன்றைச் சார்ந்துள்ளன எனலாம்.

சாகுபடி முறை

விதையைத் தூவி விதைக்கும் வழக்கத்துக்கு மாற்றாக வரிசை விதைப்பு, குறைந்த விதையளவு, தொழுவுரப் பயன்பாடு, மரவள்ளிக்கு இடையே ஊடுபயிர் ஆகியவை உழவர்களின் நிலங்களிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டன. மரவள்ளியை முற்றாக நீக்க வேண்டும் என்று இம்முயற்சிகள் வற்புறுத்தவில்லை. பண வருவாயை விட்டுக்கொடுக்க இயலாத குடும்பமும் நிலத்தின் ஒரு பகுதியில் சிறுதானியத்தைத் தக்கவைப்பதே நோக்கமாக இருந்தது.

கூட்டமைப்பும் சந்தையும்

தனித்தனிக் குழுக்கள் சிறு அளவில் விற்றால் போக்குவரத்துச் செலவே விலையை விழுங்கிவிடும். எனவே சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகு மாவு, ரவை முதலியவற்றைக் குழுக்கள் ஆக்கி, ஒன்றுசேர்த்து விற்கும் ஏற்பாடு உருவானது. 2000களின் பிற்பகுதியில் தன்னுதவிக் குழுக்களும் உழவர் மன்றங்களும் கொல்லிமலை வேளாண் பல்லுயிரியப் பாதுகாவலர் கூட்டமைப்பாக இணைந்தன. கொள்முதல், தரக் கட்டுப்பாடு, பொதியிடல், விற்பனை ஆகியவற்றை உழவர்களே முடிவு செய்ய இது வழிவகுத்தது.

அரசுத் திட்டங்களும் சட்டங்களும்

இந்தியாவில் ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கப்பட்ட மலைப்பகுதி வளர்ச்சித் திட்டம் தமிழ்நாட்டில் நீலகிரியை உள்ளடக்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளுக்குத் தனித் திட்டம் இருந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சைமலை, ஏற்காடு, சவ்வாது மலை, சித்தேரி ஆகியவை இவற்றில் இடம்பெறவில்லை. அவை ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வந்தன. இதனால் இம்மலைகளின் மக்கள் பழங்குடியினர் என்ற முறையில் கருதப்பட்டனர். ஆனால் அவர்களின் நிலம் 'மலை' என்ற முறையில், அதாவது சரிவு, நீர்ப்பிடிப்பு, போக்குவரத்துச் செலவு ஆகிய தனித்தன்மைகளோடு திட்டமிடப்படுவது குறைவாகவே இருந்தது.

இரு சட்டங்கள் விதைகளைக் காப்போருக்கு ஏற்பளித்தன. 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், உழவர்கள் காத்துவந்த வகைகளைப் பதிவு செய்ய இடம் தருகின்றது. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டம் உள்ளாட்சி அளவில் மேலாண்மைக் குழுக்களையும் மக்கள் பதிவேட்டையும் ஏற்படுத்தியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நிலத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால ஆணை காரணமாக உரிமைப் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. 2016ஆம் ஆண்டில் அத்தடை நீங்கியது.

பரந்த வலையமைப்புகள்

மலைப்பகுதிகளின் வளர்ச்சி 1992ஆம் ஆண்டு ரியோ டி செனீரோ மாநாட்டில் ஏற்கப்பட்ட 'நிகழ்ச்சி நிரல் 21' ஆவணத்தின் 13ஆம் அத்தியாயத்தில் தனித்து இடம்பெற்றது. அதன் தொடர்ச்சியாக 1995ஆம் ஆண்டில் 'மலை மன்றம்' என்னும் உலகளாவிய தகவல் வலையமைப்பு தோன்றியது. ஐக்கிய நாடுகள் அவை 2002ஆம் ஆண்டைப் பன்னாட்டு மலைகள் ஆண்டாக அறிவித்தது. 2003 முதல் திசம்பர் 11 பன்னாட்டு மலைகள் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. இமயமலைப் பகுதிக்கு, காத்மாண்டுவில் 1983ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒருங்கிணைந்த மலை வளர்ச்சிக்கான பன்னாட்டு மையம் எட்டு நாடுகளை இணைக்கின்றது.

தென்னிந்தியாவின் மலைகளுக்கு இத்தகைய ஒரே குடை அமைப்பு இல்லை. எனினும் ஒத்த முயற்சிகள் பல உள்ளன. 1987-88 இல் நடைபெற்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு நடைப்பயணம் பல மாநிலச் செயற்பாட்டாளர்களை இணைத்தது. நீலகிரியில் கோத்தகிரியை மையமாகக் கொண்ட கீசுடோன் அறக்கட்டளை தேன் சேகரிக்கும் பழங்குடியினருடன் பணியாற்றி வருகின்றது. அங்கே 'ஆதிமலை' என்னும் பழங்குடி உற்பத்தியாளர் நிறுவனமும் இயங்குகின்றது. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையேயுள்ள தருமபுரி மாவட்டச் சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில், 1993ஆம் ஆண்டில் தொடங்கிய பழங்குடியினர் நலவாழ்வு முயற்சியிலிருந்து இயற்கை உழவர் சங்கமும் கைவினைக் குழுவும் கிளைத்தன.

எடுத்துக்காட்டு: மரவள்ளி மாவுப்பூச்சி

மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான தொடர்பு ஏன் இருவழியாக இருக்க வேண்டும் என்பதை அண்மைய நிகழ்வொன்று காட்டுகின்றது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முறையாகக் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் பகுதிகளுக்கும் பரவியது. விதைக்கரணைகள் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறுவதால் பூச்சியும் உடன் சென்றது. இப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் பரவியபோது, 'அனகைரசு லோபேசி' என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைத் தென் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்து 1980களில் கட்டுப்படுத்தினர். அதே குளவி பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெருக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது.

ஒரே பயிரை நம்பியிருந்த உழவருக்கு இப்பூச்சி பேரிழப்பை ஏற்படுத்தியது. நிலத்தின் ஒரு பகுதியில் வேறு பயிர் வைத்திருந்தவருக்கு இழப்பு அந்த அளவுக்குக் குறைந்தது. பயிர்ப் பல்வகைமை ஒரு காப்பீடாகச் செயற்படுகின்றது என்பதற்கு இது சான்றாகும். எச்சரிக்கைச் செய்தியும் குளவியும் கடைசி ஊர் வரை சென்று சேர, முன்பே அமைந்த உழவர் குழுக்கள் தேவைப்படுகின்றன என்பதும் இதிலிருந்து புலப்படும்.

சிக்கல்களும் விமர்சனங்களும்

விலை: மரவள்ளி, மிளகு, காப்பி ஆகியவற்றின் விலை உயரும் ஆண்டுகளில் சிறுதானியப் பரப்பு மீண்டும் சுருங்குகின்றது. கலப்பின்றிச் சுத்தம் செய்த சிறுதானியத்துக்கு நகரில் கிடைக்கும் விலைக்கும் உழவர் பெறும் விலைக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

சார்பு: எந்திரங்கள், பயிற்சி, சந்தைத் தொடர்பு ஆகியவை வெளி நிறுவனங்களின் நிதியால் வந்தவை. நிதி முடிந்த பின் எந்திரத்தைப் பழுது பார்ப்பது யார், கணக்கு எழுதுவது யார் என்ற வினாக்கள் எழுகின்றன. ஒரு மையத்தைச் சுற்றி மட்டும் கட்டப்பட்ட வலையமைப்பில் மையம் விலகினால் இழைகள் அறுந்துபோகும்; ஊர்கள் தம்முள் நேரடியாகத் தொடர்பு கொண்டிருந்தால் அது தாங்கும். கூட்டமைப்பின் தேவை இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றது.

வகைத் தெரிவு: சந்தை ஒரே சீரான நிறமும் அளவும் உள்ள தானியத்தையே விரும்புகின்றது. இதனால் விற்பனைக்கு ஏற்ற ஒன்றிரண்டு வகைகள் பெருகி, மற்றவை மீண்டும் ஒதுக்கப்படும் அபாயம் உள்ளது. வணிகத்தின் மூலம் பாதுகாப்பு என்ற அணுகுமுறையின் உள்முரணாக இது சுட்டப்படுகின்றது.

தலைமுறை: இளைஞர் பலர் கல்விக்காகவும் வேலைக்காகவும் சமவெளி நகரங்களுக்குச் செல்கின்றனர். விதைகளை அடையாளம் காணும் அறிவு முதியோரிடமே, குறிப்பாக மூதாட்டிகளிடமே, மிகுந்து காணப்படுகின்றது.

அண்மைய நிலை

இந்திய அரசு 2018ஆம் ஆண்டைத் தேசியச் சிறுதானிய ஆண்டாகவும், ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகவும் அறிவித்தன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையுடன் சிறுதானியங்களையும் நியாயவிலைக் கடைகளில் வழங்க இடமளிக்கின்றது. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்கு மாற்றாகக் குடும்ப அட்டைக்கு 2 கிலோகிராம் கேழ்வரகு வழங்கும் முன்னோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. இத்தகைய பொது வழங்கல், சிறுதானியத்தைப் பயிரிடும் மலை உழவரிடமிருந்தே கொள்முதல் செய்யப்படுமாயின், முன்பு சிறுதானியத்தின் சரிவுக்குக் காரணமான அதே கடை அதன் மீட்சிக்கும் வழியாகக் கூடும். சாமை, தினை ஆகியவற்றுக்கு இது விரிவடைய வேண்டுமானால், அவற்றின் உமியை நீக்கும் எந்திரங்கள் விளையும் இடத்துக்கு அருகிலேயே தொடர்ந்து இயங்குவது முன்தேவையாகும்.